பன்னிரண்டு-ஏழின் இரண்டாம் ஆள்

மியெனை வெறுக்க எனக்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை. அவள் வந்து நின்றாள், குவாட் அண்ணன் அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார், என் வயிறு பற்றிக்கொண்டது. காரணங்களை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துச் சேர்த்தேன். எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. நல்லவள் மாதிரி நடிக்க இனி நேரமில்லை.

அறுபத்தாறாம் வருடம் வெயில் காலத்தில் அந்தத் துப்பாக்கி எங்கள் ஊருக்கு வந்தது. தெற்கே போகும் ராணுவ லாரிகள் எல்லாம் எங்கள் தோங் துறையில்தான் படகேறி ஆற்றைத் தாண்டும். அந்தப் படகை உடைக்க அமெரிக்க விமானங்கள் வரும். ஊரில் இளவட்ட ஆண்கள் எவரும் இல்லை, எல்லோரும் சண்டைக்குத் தெற்கே போய்விட்டார்கள். அதனால் மாவட்டத்திலிருந்து கனரக மெஷின் கன் ஒன்றை அனுப்பி, பெண்களே சுடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தோட்டாவின் தடிமன் பன்னிரண்டு புள்ளி ஏழு மில்லிமீட்டர். நாங்கள் அதைப் பன்னிரண்டு-ஏழு என்றே கூப்பிட்டோம்.

சாலையில் குண்டு விழுந்து லாரி நின்ற இடத்திலிருந்து ஊருக்குப் பதினோரு கிலோமீட்டர். துப்பாக்கியைக் கழற்றி, மூங்கில் கழியில் கட்டித் தோளில் சுமந்தோம். குழலின் முன் பக்கம் என் தோளில். ஊர் வந்து சேர்ந்தபோது தோள் வீங்கி, இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை. அன்றே அது என் துப்பாக்கி என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

ஆனால் அதை ஐந்து பேர் சேர்ந்துதான் இயக்க வேண்டும். முதல் ஆள் இரண்டு பிடிகளையும் பிடித்துக் குறி பார்த்துச் சுடுவாள். இரண்டாம் ஆள் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்து குறி வளையத்தின் திருகைத் திருப்புவாள். மூன்றாம் ஆள் தோட்டாப் பட்டையை ஊட்டுவாள், மற்ற இருவர் பெட்டி தூக்குவார்கள். விமானத்தைப் பார்த்துச் சுட்டால் விமானம் விழாது. தோட்டா போய்ச் சேருவதற்குள் அது நகர்ந்துவிடும். அதனால் அதற்கு முன்னால் சுட வேண்டும். எவ்வளவு முன்னால் என்பது அதன் வேகத்தைப் பொறுத்தது. இரண்டாம் ஆள் வேகத்தைக் கணித்து, எண்ணை உரக்கச் சொல்லி, திருகை அந்த எண்ணில் வைப்பாள். வளையம் அதற்கேற்ப நகரும். முதல் ஆள் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் சுடுவாள். ஜெட் என்றால் இருநூற்றைம்பது, விநாடிக்கு அத்தனை மீட்டர். மெதுவாகச் சுற்றி வேவு பார்க்கும் சின்ன விமானம் என்றால் நூறு.

நான் இரண்டாம் ஆள். எட்டு மாதம் இரண்டாம் ஆள். முதல் ஆளாக இருந்தவள் ஹாவோ. புருஷன் லீவில் வந்துபோன பிறகு அவள் கர்ப்பமானாள். ஐந்தாம் மாதம் வயிறு முட்டி, குனிந்து பிடியைப் பிடிக்க முடியவில்லை. அடுத்து யார் என்று ஊரில் யாரும் கேட்கவே இல்லை. படகோட்டி பாங் அண்ணன் மட்டும் தினமும் கரையிலிருந்து கத்துவார்.

"என்ன தங்கச்சி, பிடி கைக்கு வந்துச்சா இல்லையா? என் கணக்குல நீதான் முதல் ஆளு. அந்தக் குவாட்டுக்குத்தான் இன்னும் கண்ணு தெரியல."

பாங் அண்ணனுக்கு நாற்பது வயது, ஒரு காது கேட்காது, அதனால் ஊருக்கே கேட்கும்படிதான் பேசுவார். எனக்காகப் பேசியவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரம்தான் மியென் எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தாள். பத்தொன்பது வயது. கல்யாணமான மூன்றாம் நாள் புருஷன் தெற்கே கிளம்பிவிட்டான். மாமியார் வீட்டில் உட்கார்ந்து அழாமல் நேராகத் துப்பாக்கிக் குழிக்கு வந்து, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றாள். குவாட் அண்ணன் எங்கள் தலைவர். தியென் பியென் பள்ளத்தாக்கில் பிரெஞ்சுக்காரனோடு சண்டை போட்டுவிட்டு, ஒரு நுரையீரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். பெட்டி தூக்க ஆள் வேண்டும், இரு என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோருக்கும் பரீட்சை வைத்துவிடுவோம், இவளும் செய்து பார்க்கட்டும் என்று சொல்லித் தொலைத்தார்.

பரீட்சை இதுதான். மூங்கிலில் செய்த விமானத்தை நீண்ட கழியில் செருகி ஒருத்தி ஆற்றுக்கரை மேட்டில் ஓடுவாள். துப்பாக்கியில் நிற்பவள் அதற்கு முன்னால் குறி வைத்துத் தொடர வேண்டும். குவாட் அண்ணன் விசில் அடித்ததும் இருவரும் அப்படியே நிற்க வேண்டும். அவர் வந்து வளையத்துக்குள் கண்ணை வைத்து, குறி எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். பத்து ஓட்டம். எனக்குப் பத்தில் ஏழு. ஹாவோவுக்கே ஆறுதான் வந்திருந்தது. நான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன்.

மியெனுக்குப் பத்தில் ஒன்பது.

தற்செயல் என்றேன். குவாட் அண்ணன் மறுபடி ஓடச் சொன்னார். மறுபடியும் ஒன்பது. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். அவள் தலை குனிந்து, கல்யாணத்துக்கு முன்னால் வாத்து மேய்த்தேன் என்றாள். நானூறு வாத்து. கழி நுனியில் சேற்றை அள்ளி எறிந்துதான் வாத்தைத் திருப்ப முடியும். வாத்தின் மேல் எறியக் கூடாது. அது போகிற வழிக்கு முன்னால் எறிய வேண்டும். ஏழு வயதிலிருந்து அதைத்தான் செய்தாளாம்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலை பிடி அவள் கைக்குப் போனது. நான் இரண்டாம் ஆளாகவே இருந்தேன், அவளுக்கு இடது பக்கத்தில், அவள் கன்னத்திலிருந்து ஒரு சாண் தள்ளி.

அன்றிலிருந்து அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. வாத்துக்காரி என்றுதான் கூப்பிட்டேன். அவள் என்னை அக்கா என்றாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

துப்பாக்கியில் முதல் ஆள் தோளைச் சாய்த்துக்கொள்ள இரண்டு வளைந்த இரும்புகள் உண்டு. அவற்றுக்கு இலவம்பஞ்சு அடைத்து உறை தைத்தது நான். என் தோளுக்கு அளவெடுத்துத் தைத்தேன், என் முறை வரும் என்று. மியென் குள்ளம். இன்னும் கொஞ்சம் தடிமனாக இருந்தால் நல்லது என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். சரி என்று வாங்கிப் போய், உள்ளே உமியை அடைத்துத் தைத்துக் கொடுத்தேன். மூன்று நாள் அவள் தோளைச் சொறிந்துகொண்டே இருந்தாள். நாலாம் நாள், ரொம்ப வசதியாக இருக்கிறது அக்கா என்றாள். தெரிந்து சொன்னாளா தெரியாமல் சொன்னாளா என்று புரியாமல் ஒரு வாரம் நான்தான் சொறியாத குறை.

இன்னொன்று. துப்பாக்கியின் பின்பக்கத்தில் ஒரு முத்திரையும் 1944 என்ற எண்ணும் பொறித்திருந்தது. எட்டு மாதம் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்தவள் நான். என்ன அது என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. மியென் வந்த பத்தாம் நாள் கேட்டாள். குவாட் அண்ணன் மூங்கில் குழாயில் புகையை இழுத்துவிட்டு, எங்களோடு எட்டு மாதத்தில் பேசாத பேச்சை எல்லாம் அவளிடம் பேசினார். பனி பெய்கிற ஊரில், வேறு யாருடைய விமானத்தையோ சுட வார்த்த இரும்பு இது என்றார். அந்தச் சண்டை முடிந்ததும் ரயிலேறிச் சீனாவைக் கடந்து இங்கே வந்தது. இதே வகை ஒன்றைத்தான் பள்ளத்தாக்கில் அவரும் தோளில் சுமந்தார்.

"இதுக்கெல்லாம் மூத்தது ஒண்ணு இருந்துச்சு. தண்ணி ஊத்திக் குளிர வைக்கிற மாதிரி. அத வெள்ளைக்காரன் படகு மூக்குல மாட்டிக்கிட்டு இந்த ஆத்துலதான் வந்தான். எங்க அப்பா கையில அருவா இருந்துச்சு. நூறு பேரு அருவாளோட கரையில நின்னாங்க. அவன் பிடிய அழுத்தினான், அவ்வளவுதான். நிமிஷத்துக்கு ஐநூறு தடவ சுடுற சாமான அவன்தான் முதல்ல நம்மகிட்ட காட்டினான். இப்போ நம்ம கையில இருக்கு. வானத்துல அவன் கூட்டாளி இருக்கான்."

மியென் கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கந்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவருடைய அப்பா அப்படிச் செத்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதற்காக வருத்தப்பட்டிருக்க வேண்டும். இவளுக்கு மட்டும் ஏன் சொல்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவள் பிடியைப் பிடித்த பிறகு முதல் தாக்குதல் வந்தது. இரண்டு ஜெட். நான் இருநூற்றைம்பது என்றேன், இருநூற்றைம்பதில் வைத்தேன். அன்று என் கை சுத்தம். மியென் வளையத்தைப் பார்க்காமல், அதற்கு மேலே தலையை நீட்டி, வெறும் கண்ணால் பார்த்துச் சுட்டாள். வாத்துக்கு எறிந்த பழக்கம். எதுவும் படவில்லை. படகும் தப்பியது, விமானமும் தப்பியது.

எங்கள் குழியில் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் தோட்டாப் பெட்டியைச் சுற்றி உட்காருவோம். ஒவ்வொருவரும் அன்று தான் செய்த தப்பை, தன் வாயால், மற்றவர் முன்னால் சொல்ல வேண்டும். தன் தப்பை மட்டும்தான் சொல்லலாம். பக்கத்தில் இருப்பவளைக் கைகாட்டினால் குவாட் அண்ணன் அந்த இடத்திலேயே வாயை அடைத்துவிடுவார். ஜெயித்தாலும் தோற்றாலும் இதுதான் முறை.

மியென் எழுந்து, வளையத்தைப் பார்க்காமல் சுட்டேன், தப்பு என்றாள். குவாட் அண்ணன் தலையாட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"வாத்துக்காரி, இது குளம் இல்ல. நான் எண்ணு வைக்கிறேன், நீ வளையத்த நம்பு. உன் கண்ண நம்பாத."

"சரிக்கா. இனிமே வளையத்தையே நம்புறேன்," என்றாள் மியென்.

அடுத்தவளை நோக்கிப் பேசியதற்காக என்னை அவர் திட்டினார். ஆனால் சொன்ன விஷயம் சரிதான் என்றும் சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார். இன்னொரு முறை இப்படி வீணாகப் போனால் பிடி தோவா கைக்கு வரும். தோவா நான்தான். அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கை உரிக்கும்போது சொன்னேன். துணி துவைக்கும்போது சொன்னேன். இன்னொரு முறை, ஒரே ஒரு முறை.

அது பதினாறு நாள் கழித்து வந்தது. காலையில் வேவு பார்க்கும் சின்ன விமானம் ஒன்று ஆற்றின் மேல் சுற்றியது. தொலைவில்தான் சுற்றியது. நான் நூறு என்று சொல்லி, நூறில் வைத்தேன். அது கிட்டே வராமலே போய்விட்டது. பாங் அண்ணன் கரையிலிருந்து, உங்களைப் பார்த்து பயந்து ஓடிவிட்டது, நேரில் பார்த்தால் நானும் அப்படித்தான் ஓடுவேன் என்று கத்தினார். அரை மணி நேரத்தில் ஜெட்கள் வந்தன.

மூன்று. முதலாவது நேராகப் படகை நோக்கி இறங்கியது. மியென் பிடியைப் பிடித்துவிட்டாள், கன்னம் இரும்பில் ஒட்டியிருந்தது. நான் சத்தமாக இருநூற்றைம்பது என்றேன். அவளும் இருநூற்றைம்பது என்றாள். என் கை திருகின் மேல் இருந்தது.

திருப்பவில்லை.

பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. விரலுக்கு அடியில் திருகின் பல் தெரிந்தது. இரண்டு சுற்று திருப்ப வேண்டும் என்று தெரிந்தது. அந்த நேரத்தில் என் கண் எங்கே இருந்தது என்றால், அவள் கையில். பிடியின் மேல் அந்தச் சின்னக் கை. நான் எட்டு மாதம் துடைத்த பிடி. வாயால் இருநூற்றைம்பது சொன்னேன், கையால் நூறிலேயே விட்டேன்.

அவள் சுட்டாள். வளையத்தை நம்பித்தான் சுட்டாள். நெருப்புப் புள்ளிகளாகத் தோட்டாக்கள் மேலே போவது தெரிந்தது. எல்லாம் விமானத்தின் வாலுக்குப் பின்னால் போயின. ஒரு பட்டை முழுவதும் பின்னாலேயே போயிற்று. அவள் தலையை வளையத்துக்கு மேலே தூக்கப் பார்த்தாள். பிறகு தானாகவே கீழே இறக்கிக்கொண்டாள். கண்ணை நம்பாதே என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

குண்டு படகுத் துறையின் சரிவில் விழுந்தது. பாங் அண்ணன் படகை மரத்தடிக்கு இழுத்துக் கட்டிவிட்டு ஓடுகிறேன் என்று கடைசி வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். படகு தப்பியது. அவரை மதியம்தான் சேற்றிலிருந்து எடுத்தோம். அவர் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, காதில் இருந்த மண்ணை விரலால் எடுத்துக்கொண்டே இருந்தாள். கேட்காத காதில்தான் மண் அதிகம் இருந்தது.

அன்று சாயங்காலம் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். மியென் முதலில் எழுந்தாள். வாலுக்குப் பின்னால் சுட்டேன், என் கைதான் தாமதம், என்னால்தான் பாங் அண்ணன் போனார் என்றாள். என் முறை வந்தது. குழிக்குள் இறங்கும்போது கால் இடறி நேரம் வீணாக்கினேன் என்றேன். இடறியது உண்மை. இப்படியும் ஒரு உண்மை சொல்ல வாய் இருந்தது எனக்கு.

குவாட் அண்ணன் குழாயைத் தட்டி அணைத்தார். பிறகு, நாளையிலிருந்து தோவா முதல் ஆள், மியென் இரண்டாம் ஆள் என்றார்.

ஊரில் அவளிடம் யாரும் கடுமையாகப் பேசவில்லை. பேசாமல் விட்டார்கள். கிணற்றில் அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் மாமியார் மட்டும், வாத்து மேய்த்தவள் கையில் ஊரைக் கொடுத்தால் இப்படித்தான் என்று யாரிடமோ சொன்னது என் காது வரை வந்தது. வாத்துக்காரி என்ற பேரை ஊருக்குப் பழக்கியதே நான்தான்.

மறுநாள் காலையில் பிடிக்குப் பின்னால் போய் நின்றேன். தோளைச் சாய்த்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. குறி வளையத்தைத் துடைப்பது இரண்டாம் ஆளின் வேலை. வேறு யாரும் தொடக் கூடாது. முந்தைய நாள் எல்லோரும் ஆற்றுக்கு ஓடியதில் துணியைப் போட்டு மூடியதோடு சரி, யாரும் துடைக்கவில்லை. மியென் துணியை எடுத்தாள். கந்தலை எண்ணெயில் நனைத்தாள். திருகைத் துடைக்கப் போன கை நின்றது.

நூறில் இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. திருகை மெதுவாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பல்லாகத் துடைத்து, துணியை மடித்து வைத்தாள். பிறகு எழுந்து, டீ கொண்டுவரட்டுமா அக்கா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். அவள் எதுவும் சொல்லவில்லை. குவாட் அண்ணனிடமும் சொல்லவில்லை. அவளுக்குப் புரியவில்லை என்று காலையில் நினைப்பேன். புரிந்துவிட்டது என்று மதியம் நினைப்பேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். முடியைப் பிடித்து இழுத்திருந்தால் நானும் இழுத்திருப்பேன். அவளோ இருந்த இடம் தெரியாமல் வேலை செய்தாள். நான் கேட்ட பிடி என் கையில் இருந்தது. என்றாலும் குழியில் நிம்மதியாகத் தூங்கியவள் அவள்தான். அந்தத் தூக்கத்தின் மேலும் எனக்குப் பொறாமை.

பத்தாம் நாள் நண்பகலில் விமானங்கள் வந்தன. இரண்டு. மியென் வானத்தைப் பார்த்து, "இருநூத்தம்பது" என்றாள். அவள் குரல் எப்போதும் சின்னது. அன்று ஊருக்கே கேட்டது. வாயைத் திறக்கும்போதே திருகைச் சுற்றிவிட்டாள், என் கன்னத்துக்குப் பக்கத்தில் பல் ஏறும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் திருப்பிச் சொன்னேன். வளையத்துக்குள் விமானத்தை வைத்தேன். பிடியை அழுத்தினேன்.

என் தோளே கழன்றுபோகிற மாதிரி அதிர்ந்தது. நெருப்புப் புள்ளிகள் மேலே போய், விமானத்தின் வயிற்றில் நேராக நுழைந்தன. முதலில் வெள்ளையாகப் புகை. பிறகு கறுப்பாக. அது மலைக்குப் பின்னால் சாய்ந்தது. சத்தம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது.

கரை முழுவதும் ஆட்கள். என்னைத் தூக்கினார்கள். தோவா, தோவா என்று என் பேரைச் சொன்னார்கள். எத்தனை முறை ஆசைப்பட்டிருக்கிறேன் அதற்கு. ஹாவோ பெரிய வயிற்றோடு மூச்சு வாங்க மேடேறி வந்து என் முகத்தைப் பிடித்து முத்தமிட்டாள். மாவட்டத்திலிருந்து போட்டோ எடுப்பவர் வருகிறார், முகத்தைக் கழுவு என்றார்கள். கூட்டத்துக்கு நடுவிலிருந்து குழியைப் பார்த்தேன். மியென் தனியாக உட்கார்ந்து, சூடான குழலில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த விமானத்தை விழ வைத்தது அவள் எண்தான். அது அங்கே எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

வெயில் சாயும் நேரம். போட்டோக்காரர் வருவதற்கு முன் குவாட் அண்ணன் எல்லோரையும் பெட்டியைச் சுற்றி உட்காரச் சொன்னார். ஜெயித்த நாளிலும் முறை முறைதான். கூப்பிட்டவுடன் மியென் எழுந்தாள்.

"இன்னிக்கு என்கிட்ட தப்பு இல்லண்ணே. ஆனா ஒரு பழைய தப்பு இருக்கு. பாங் அண்ணன் போன அன்னிக்குச் சொல்லாம விட்டது. அன்னிக்கு என் கை தாமதம்னு சொன்னேன். அது பொய்யி. கை சரியாத்தான் இருந்துச்சு. என் தப்பு வேற. எண்ண காதால கேட்டேன். திருகக் கண்ணால பாக்கல. ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா போதும். வாயால சொன்னா கையாலயும் வச்சிருப்பாங்கன்னு நம்பிட்டேன். அது என் தப்பு."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். என் பேர் அவள் வாயில் வரவில்லை. முறைப்படி தன் தப்பை மட்டும்தான் சொன்னாள். அங்கே இருந்தவர்களுக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. தோட்டாப் பட்டை ஊட்டும் பெண் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். குவாட் அண்ணன் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் முறை.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று உள்ளபடி சொல்கிறேன். பாங் அண்ணன் நினைவுக்கு வரவில்லை. வெட்கம் வரவில்லை. தப்பைக்கூட என்னைவிட நன்றாகச் சொல்ல இவளுக்கு வருகிறதே என்றுதான் வந்தது. அதே வயிற்றெரிச்சல், முதல் நாள் வந்த அதே எரிச்சல். அதுதான் என்னை எழுப்பி நிற்க வைத்தது. நல்ல மனசு வந்து நான் எழவில்லை.

"வாயால இருநூத்தம்பது சொன்னேன். கையால நூறுலயே விட்டேன். மறக்கல. பயப்படல. தெரிஞ்சேதான் விட்டேன். பிடி எனக்கு வேணும்னு விட்டேன். அவ சுட்டது சரி. பாங் அண்ணன் செத்தது என்னால."

நான் சொல்லிவிட்டேன், அவளைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு கணம் மார்பு நிமிர்ந்தது. அடுத்த கணம்தான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

குவாட் அண்ணன் திட்டவில்லை. இருமல் வந்து, அடங்கக் காத்திருந்து, பிறகு பேசினார்.

"எங்ககிட்ட சொல்லிட்ட. நாங்க துப்பாக்கிக்காரங்க. உன்ன என்ன பண்றதுன்னு மேல கேட்டுச் சொல்றேன். ஆனா இத நாங்க போயிப் பாங் வீட்டுல சொல்ல முடியாது. அந்தம்மா இன்னிக்குப் பூராவும் உன் பேரத்தான் வாழ்த்திக்கிட்டு இருக்கு. போயிச் சொல்லிட்டு வா."

நான் தொப்பியை எடுத்துக்கொண்டேன். போட்டோக்காரரின் சைக்கிள் மணி தூரத்தில் கேட்டது. மியென் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நானும் வரேன்க்கா. தனியா எப்படிப் போவ."

அவள் உண்மையாகத்தான் கேட்டாள். முகத்தில் ஒரு துளி பொய் இல்லை. அவள் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வாசலில் நான் வார்த்தை தேடி நிற்கும்போது அவள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வாள். எது சொல்ல வேண்டுமோ அதைச் சரியாகச் சொல்வாள். அந்த அம்மா அழ அவள் தோள் இருக்கும்.

"வேணாம் மியென். நீ பிடிகிட்ட போ. இதுலயாவது என்ன முதல் ஆளா விடு."

அவள் பேரை நான் சொன்னது அதுதான் முதல் முறை. அவள் நின்றுவிட்டாள். நான் மேட்டிலிருந்து இறங்கி, பாங் அண்ணன் வீட்டுப் பக்கம் நடந்தேன்.